ஒரு கிடாரி பாக்கி

அண்ணிக்குக் கண்மேல் நம்பிக்கை கிடையாது. எதையும் முஷ்டியால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தால்தான் அவளுக்குத் தெளியும். கன்றுகளின் இடது பக்கத்தில், விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியைப் பதித்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளே பிசைந்த மாவு மாதிரி இருந்தால் புல் இறங்கியிருக்கிறது, நல்லது. மேளம் மாதிரி இருந்தால் காற்று. பாதி நிறைந்த குடம் மாதிரி தளும்பினால் தானியம் அதிகம், புல் குறைவு, அன்றைக்கு யாருக்கோ நல்ல திட்டு இருக்கிறது.

கொட்டகையில் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? தலையணையை ஒரு அமுக்கு. பஸ்ஸில் உட்காருவதற்கு முன் சீட்டை ஒரு அமுக்கு. பசிக்கவில்லை என்று மகள் சொன்னால் அவள் வயிற்றில் ஒரு அமுக்கு. "பொய் சொல்லாத, உள்ள ஒண்ணுமே இல்ல" என்று தட்டைத் தள்ளுவாள். அண்ணன் மட்டும் அவள் பக்கத்தில் வரும்போது வயிற்றை இறுக்கிக்கொண்டு வருவான்.

"என்னங்க, மூச்ச அடக்கிட்டு வர்றீங்க?"

"பரீட்சைக்கு வர்றவன் படிச்சிட்டுத்தானே வரணும்."

பாப்பா இதையெல்லாம் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள். அண்ணிக்கு நாத்தனார். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அண்ணன் வாயில் அவள் பாப்பாதான். அண்ணனிடமிருந்து தொற்றிக்கொண்டு பண்ணை முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்த அன்று, வாசலில் நின்ற அவளை அண்ணி மேலும் கீழும் பார்த்தாள். "அழுறதா இருந்தா இப்பவே அழுது முடிச்சிடு. காலைல கன்னுகளுக்குத் தண்ணி காட்டணும், ஆள் பத்தல" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான். மறுநாள் பாப்பாவின் காலில் அண்ணியின் பழைய ரப்பர் பூட்ஸ் இருந்தது. ஒரு அளவு பெரிது. நடக்கும்போதெல்லாம் சளக் சளக்கென்று சத்தம் போட்டது.

அது பெரிய மாட்டுப் பண்ணை. சிமென்ட் தரை, இரும்புக் குழாய் அடைப்புகள், கூரையில் எப்போதும் சுற்றும் விசிறிகள். அண்ணன் தீவனம் கலக்கும் வண்டியை ஓட்டினான். பால் மறந்த கன்றுகள் இருந்த கொட்டகை அண்ணியின் பொறுப்பு. மேற்பார்வையாளருக்கு டை என்று பெயர் வைத்திருந்தார்கள், சாணிக்கு நடுவிலும் அவர் டை கட்டிக்கொண்டுதான் வருவார். கன்றுகளின் எடை வேகமாக ஏறவேண்டும், சீக்கிரம் சினைக்கு விடவேண்டும் என்பது அவருடைய ஒரே பாட்டு.

"தானியத்தைக் கூட்டும்மா. கன்னு பளபளன்னு இருக்கணும்."

"பளபளப்பு வேணும்னா உங்க பூட்ஸுக்கு பாலிஷ் போடுங்க சார். புல்லு திங்காத கன்னு அசைபோடாது. அசைபோடாட்டா எச்சில் ஊறாது. வயிறு புளிச்சுப் போயிடும். அப்புறம் கறியாத்தான் விக்கணும். அப்பவும் பளபளன்னுதான் இருக்கும்."

இதை மரியாதையாகச் சொல்லும் வழி அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மரியாதையாகச் சொன்னவற்றை அந்தப் பண்ணையில் யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

பாப்பா தன் கம்மலை விற்று ஒரு கிடாரிக் கன்று வாங்கினாள். பழுப்பு நிறம், நெற்றியில் மட்டும் யாரோ சுண்ணாம்புக் கையை வைத்தது போல் ஒரு வெள்ளைத் திட்டு. வேலையாட்கள் சொந்தக் கன்றைப் பண்ணையில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்றார் டை. அண்ணி அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது கடைசி அடைப்பு பாப்பாவின் கன்றுக்கு என்று ஆகியிருந்தது, டையின் முகம் அவர் கட்டியிருந்த சிவப்பு டையின் நிறத்தில் இருந்தது.

அந்தக் கன்றின் மேல் பாப்பா ஒரு வாழ்க்கையையே கட்டியிருந்தாள். அது வளர்ந்து, கன்று போட்டு, பால் கறக்கத் தொடங்கிவிட்டால் தனியாக ஓர் அறை வாடகைக்கு எடுத்துவிடலாம். அண்ணன் வீட்டு ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் துணி மடிக்கும் மேசைக்கும் நடுவில் பாய் விரிப்பது நின்றுவிடும். இரவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் தன்னைத் தாண்டிப் போகும் வாழ்க்கை முடிந்துவிடும். கதவு உள்ள ஓர் அறை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அந்த வருடம் புல் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. லாரியில் வந்த கட்டுகள் வெளியே பொன்னிறமாகவும் உள்ளே கறுப்பாகவும் இருந்தன. அண்ணி ஒரு கட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு பிடி இழுத்து முகர்ந்தாள். பிறகு அந்தப் பிடியை லாரி ஓட்டுநரின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"திங்கிறியா?"

"நானா அக்கா? நான் வண்டி ஓட்டுறவன்."

"நீ திங்கமாட்ட. உன் முதலாளி திங்கமாட்டான். பேசத் தெரியாத ஜீவன் மட்டும் திங்கணுமா?"

பாதி லாரியைத் திருப்பி அனுப்பினாள். மீதியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது, கன்றுகள் காற்றையா தின்னும்? பூஞ்சை பிடித்ததைப் பிரித்து எறிந்துவிட்டு, தேறியதைப் போட்டார்கள். சத்தில்லாத புல். தின்னத் தின்ன வயிறு மட்டும் தொங்கியது, முதுகெலும்பு சீப்பு மாதிரி தெரிந்தது. பாப்பாவின் கன்றும் அப்படித்தான் ஆனது. முன்னாலிருந்து பார்த்தால் குடம், மேலிருந்து பார்த்தால் குச்சி.

பாப்பாவுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் காலையில், கொட்டகையில் எல்லாரும் இருக்கும்போது வெடித்துவிட்டாள்.

"அண்ணி, என் கன்னுக்குத் தானியம் கூட்டுங்க."

"கூட்டலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். முதல்ல நல்ல புல்லு வரட்டும்."

"எப்ப வரும்? அது எலும்பான பிறகா? டை சார்கிட்ட உங்களுக்கு இருக்கிற வீம்புக்கு என் கன்னு பட்டினி கிடக்கணுமா?"

"வீம்பா?" அண்ணியின் குரல் இறங்கியது. அவள் குரல் ஏறினால் பயமில்லை. இறங்கினால் எல்லாரும் வேலையை நிறுத்திவிடுவார்கள். "எனக்கு வீம்பு. உனக்கு அறிவு. அப்படித்தானே?"

"உங்களுக்குச் சொந்தமா ஒரு கன்னு இருந்து, அதை நம்பி உங்க பிழைப்பு இருந்தா தெரியும். மாசச் சம்பளம் வாங்கிட்டு அடுத்தவங்க கன்னைக் குத்திக் குத்திப் பாக்கிறது சுலபம். இனிமே என் கன்னைத் தொடாதீங்க."



"தொடமாட்டேன்" என்றாள் அண்ணி. "என் மக மேல சத்தியம். இந்தக் கை அதுமேல படாது."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வீட்டில் அண்ணன்தான் தபால்காரன்.

"உங்க தங்கச்சிகிட்ட ஹால் லைட்ட அணைக்கச் சொல்லுங்க."

"பாப்பா, ஹால் லைட்..."

"எனக்குக் காது இருக்குண்ணா. அணைச்சாச்சுன்னு சொல்லுங்க."

"அணைச்சாச்சாம்."

"எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க."

"நடுவுல எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லாமப் போச்சு" என்று அண்ணன் இருட்டில் சொல்லுவான். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பாப்பா தன் இஷ்டப்படி தானியம் வைக்கத் தொடங்கினாள். விடியற்காலையில், அண்ணி அந்தப் பக்கம் வருவதற்கு முன், உடைத்த மக்காச்சோளமும் பிண்ணாக்கும் கலந்ததில் ஒரு தகர டப்பா. வெறும் வயிற்றில் முதலில் தானியம், பிறகுதான் புல். புல்தான் முதலில் போகவேண்டும் என்பது அண்ணி நூறு முறை சொன்ன பாடம். சொன்னது அண்ணி என்பதாலேயே பாப்பா அதை மாற்றிச் செய்தாள். கன்று தேறியது. முதுகு மூடியது, ரோமம் மினுங்கியது. பாப்பாவுக்குள் வன்மம் கலந்த ஒரு சந்தோஷம். பார், யார் சொன்னது சரி?

சில நாட்களில் தொட்டியில் புல் மிஞ்ச ஆரம்பித்தது. பாப்பா அதைப் பார்த்தாள். அண்ணி வேண்டுமென்றே மட்டமான கட்டைப் பிரித்து இந்த அடைப்புக்குப் போடுகிறாள் என்று நினைத்தாள். அண்ணியும் பார்த்தாள். பாப்பா தன்னை வெறுப்பேற்றுவதற்காகத் தேவைக்கு மேல் புல்லை அள்ளித் திணிக்கிறாள் என்று நினைத்தாள். மிஞ்சிய புல் இருவருக்கும் சொன்ன செய்தி ஒன்றுதான், கன்றுக்குப் பசியில்லை. ஆனால் இருவரும் அதை மற்றவளின் திமிராகப் படித்தார்கள்.

ஒருநாள் விடிந்தபோது கன்று எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீராகச் சாணம், அதில் முழுசு முழுசாக மக்காச்சோளம். புளித்த நாற்றம். பாப்பாவின் கையிலிருந்த தகர டப்பா கீழே விழுந்தது. "அண்ணி!" என்று கத்தினாள். வாரக்கணக்கில் நாக்கில் வராத வார்த்தை தானாக வந்தது.

அண்ணி ஓடிவந்தாள். கன்றின் பக்கத்தில் மண்டியிட்டாள். முஷ்டி அந்தப் பள்ளத்துக்கு அருகில் போய், ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"என்ன பாக்கிறீங்க? கையை வைங்க!"

அண்ணி கையை வைத்தாள். அமுக்கினாள். பாப்பாவுக்கே கேட்டது, குடத்தில் தண்ணீர் தளும்பும் சத்தம்.

"எவ்வளவு வச்ச?"

"ஒரு டப்பா. காலைல ஒரே ஒரு டப்பாதான்."

அண்ணியின் முகம் மாறியது. "நானும்தான்டி வச்சேன்."

"என்னது?"

"சாயங்காலம். நீ கிளம்பின பிறகு. நீ சொன்ன அன்னைக்கே யோசிச்சேன், புல்லு இந்த லட்சணத்துல இருக்கும்போது தானியம் கூட்டத்தான் வேணும்னு. தொடமாட்டேன்னுதானே சொன்னேன், போடமாட்டேன்னு சொல்லலையே. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஒரு டப்பா வரைக்கும் கொண்டுவந்தேன். நல்லாத் தேறுதேன்னு..."

இரண்டு பேரும் அளவாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி வைத்தது மட்டும் என்றால் அது சரியான அளவு. இரண்டும் சேர்ந்து கன்றின் வயிற்றைச் சாராயப் பானை ஆக்கிவிட்டது.

அப்போதுதான் அண்ணன் கலக்கும் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்தான். "அடடா. ரெண்டு பேரும் வைக்கிறதப் பாத்தேனே. பேச்சு இல்லாட்டியும் பாசம் இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்."

"பாத்தீங்களா?" என்றாள் அண்ணி.

"பாத்தீங்களாண்ணா?" என்றாள் பாப்பா.

"லைட்ட அணைன்னு ஆயிரம் தடவ போய்ச் சொன்ன வாய், இத மட்டும் ஏன் சொல்லல?" என்றாள் அண்ணி.

"நீதானே, நான் தானியம் வைக்கிறதப் பத்தி வாயத் திறந்தா வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு..."

"போய் டாக்டருக்கு போன் பண்ணுங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அண்ணன் ஓடினான்.

டாக்டர் வரும்வரை அண்ணி சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பாட்டிலால் கன்றின் வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாப்பா அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.  

"தொடாதீங்கன்னு சொன்னா தொடாம இருந்துடுவீங்களா?" அவள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். "என்னைக்கு நான் சொன்னதக் கேட்டிருக்கீங்க? டை சார் சொன்னதக் கேக்கமாட்டீங்க, அண்ணன் சொன்னதக் கேக்கமாட்டீங்க. என் தலையணையக்கூட அமுக்கிப் பாப்பீங்க. இது ஒண்ணைத்தான் கேக்கணும்னு இருந்துச்சா? ஒரு தடவ கைய வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"என் புள்ள மேல சத்தியம் பண்ணிட்டேன்."

"யார் பண்ணச் சொன்னா? சத்தியம் பண்ணிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு தானியம் போடத் தெரியுது, ஒளிஞ்சு ஒரு கை வைக்கத் தெரியாதா? நல்லது செய்யறதக்கூட ஏன் திருட்டுத்தனமா செய்யறீங்க?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டிலைச் சாய்த்தபடியே இருந்தாள். பாப்பாவுக்கு அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. திட்டினால் திருப்பித் திட்டவேண்டும். அண்ணி தலையைக் குனிந்து அவள் பார்த்ததே இல்லை. கெட்டது செய்தவளைத் திட்டித் தீர்க்கலாம். கெட்டது செய்யாதவளை எப்படித் திட்டித் தீர்ப்பது?

கன்று பிழைத்தது. ஆனால் புளிப்பு இரத்தத்தில் கலந்து கால்களுக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். குளம்புகள் கோணலாக வளர்ந்தன. சூடான தரையில் நடப்பது மாதிரி கன்று ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. அப்படிப்பட்ட காலோடு சினை தாங்காது, கறவை மாடாக நிற்கவும் முடியாது. நொண்டியைக் கொட்டகையில் வைக்கக்கூடாது என்று டை சொன்னபோது, முதல் முறையாக அண்ணி அவருடன் சண்டைக்குப் போகவில்லை.

கறிக்கடை லாரி வந்த அன்று பாப்பாவே கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பலகை மேல் ஏறும்போது கன்று நின்று நின்று ஏறியது. லாரி போன பிறகு, வேலையாட்கள் எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்த குழாயடியில் வந்து நின்று அண்ணி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பாப்பாவுக்கு நான் ஒரு கிடாரி பாக்கி. என் பங்குலேருந்து தருவேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

வருடக் கடைசியில் கன்று வளர்ப்பவர்கள் தங்கள் பங்காக ஒரு கன்றைத் தேர்ந்தெடுத்து வெளியே கொண்டுபோகலாம் என்று அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வருடக் கடைசியில் அண்ணி ஒவ்வொரு அடைப்பாகப் போய் அமுக்கிப் பார்த்து ஒன்றைத் தன் பங்காகப் பிடித்தாள். "இது சரியில்ல. உனக்குக் குடுக்கிற மாதிரி இல்ல" என்றாள். அடுத்த வருடமும் சரியில்லை. அதற்கடுத்த வருடம் கால் சரி, வயிறு சரி, முதுகு சரி, ஆனால் "முழி சரியில்ல" என்றாள். சரியில்லாத அந்தக் கன்றுகள் ஒவ்வொன்றும் நல்ல விலைக்குப் போனதை பாப்பா பார்த்தாள். அதே வாரத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டதையும் பார்த்தாள். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பாப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது பெருந்தன்மையா, இல்லை கடனை அப்படியே வைத்திருந்தால் கோபத்தையும் வைத்திருக்கலாம் என்ற கணக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. ஃப்ரிட்ஜுக்கும் மேசைக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்தபடி, உள்ளறையில் மகள் சத்தமாகப் பாடம் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். என் கிடாரி படிக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

மகள் பட்டம் வாங்கிய வருடம் அண்ணி இறந்தாள். லாரி ஓட்டுநரோடு புல் கட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை கட்டுக்குள் இருந்தது. சொல்ல வந்த திட்டு பாதியில் நின்றது. அந்த ஓட்டுநர் பிறகு பலரிடம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதான், கடைசியாக என்ன திட்ட வந்தாள் என்று தெரியாமலே போய்விட்டதே என்று.

கன்றுக் கொட்டகை பாப்பாவின் பொறுப்புக்கு வந்தது. அவளும் முஷ்டியை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

வேலைக்குப் போய் முதல் விடுமுறையில் வந்த மகள், பின்கட்டில் ஒரு கிடாரிக் கன்றைக் கொண்டுவந்து கட்டினாள். "அத்தை, உங்களுக்குத்தான். அம்மா வச்சிட்டுப் போன பாக்கி."

பாப்பா வெளியே வந்தாள். செவலை நிறம், நல்ல கால்கள், ஈரமான மூக்கு. முன்னால் வாளி நிறையத் தானியம். புல் ஒரு பிடிகூட இல்லை.

"உன்கிட்ட நான் கேட்டேனா?"

"இல்ல அத்தை, என் படிப்புக்காகத்தானே அம்மா..."

"தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தர்றேன்னு சொன்னவ அவ. குழாயடியில நின்னு, எல்லார் முன்னாடியும் சொன்னா. அதத் தீக்க நீ யாரு? நீ காசு குடுத்து வாங்கிக் கட்டிட்டா சரியாப் போச்சா? அப்புறம் நான் யார்மேல கோவப்படறது?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா அவளைப் பார்க்கவில்லை. கன்றின் இடது பக்கமாகப் போய் நின்று, பள்ளத்தில் முஷ்டியைப் பதித்து, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். உள்ளே தளும்பியது.

"வாளிய எடு. எந்த முட்டாள் வெறும் வயித்துல இத வச்சது? போய்க் கொட்டகையிலேருந்து புல்லு கொண்டு வா. கைய உள்ள விட்டுப் பாத்துக் கொண்டு வா, நடுவுல கறுத்திருக்கும்."

"அப்ப வச்சுக்கிறீங்களா அத்தை?"

"இது உன் கன்னு. நீ வேலை செய்யற ஊர்ல வளக்க முடியாது, அதனால நான் வளக்கிறேன். அவ்வளவுதான்." பாப்பா முஷ்டியை எடுக்கவில்லை. "என்னோடது இன்னும் வரல."